பசைச் சோதனையில் எண்கள் சொதப்பினால்: அறிகுறி வாரியாக ஒரு வழிகாட்டி

எந்தப் பசை எந்தப் பரப்பில் நன்றாகப் பிடிக்கும்? நான்கைந்து மாணவர்கள் சேர்ந்து செய்யும் அறிவியல் திட்டத்துக்கு இதைவிடத் தோதான கேள்வி கிடைப்பது கஷ்டம். வேண்டிய பொருளெல்லாம் ஹார்டுவேர் கடையிலும் ஸ்டேஷனரி கடையிலும் கிடைத்துவிடும். பெரிய கருவி எதுவும் வேண்டாம். விடையும் யாருக்கும் முன்கூட்டியே மனப்பாடமாக இருக்காது. ஆனால் ஆரம்பித்த கொஞ்ச நாளில் எங்காவது சிக்கும். சில துண்டுகள் ஒட்டவே ஒட்டாது. சிலது என்ன செய்தாலும் பிரியாது. ஒரே மாதிரி ஒட்டிய ஐந்து துண்டுகள் ஐந்து விதமான எண்ணைக் கொடுக்கும். பல குழுக்கள் அந்த இடத்தில் ஒரு சராசரியைப் போட்டு, சார்ட் பேப்பரில் பட்டை வரைபடம் வரைந்து முடித்துவிடுகின்றன. எனக்கு அது மனதுக்கு ஒப்புவதில்லை. சிக்கிய இடத்தில்தான் இந்தத் திட்டத்தின் அறிவியலே இருக்கிறது.

சோதனை அமைப்பு இப்படி இருப்பதாக வைத்துக்கொள்கிறேன். சோதிக்க வேண்டிய பரப்பை (டைல், கண்ணாடி, அலுமினியத் தகடு, பிளாஸ்டிக், மரப்பலகை) மேசை விளிம்பில் சி-கிளாம்ப் போட்டுச் செங்குத்தாக நிறுத்துகிறீர்கள். 20 மிமீ அகலமும் 4 மிமீ தடிமனும் உள்ள பிளைவுட் பட்டையின் மேல் நுனி 10 மிமீ உயரத்துக்கு அந்தப் பரப்பில் ஒட்டியிருக்கிறது. பட்டையின் கீழ் முனையில் துளை, துளையில் கொக்கி, கொக்கியில் வாளி. வாளியில் தண்ணீர் மெதுவாக விழுகிறது. ஒட்டு விட்டதும் தண்ணீரை நிறுத்தி வாளியை எடை போடுகிறீர்கள். ஆய்வகங்களில் உலோக ஒட்டுகளுக்குச் செய்யும், ஏஎஸ்டிஎம் என்ற தரநிலை அமைப்பின் டி1002 சோதனையும் இந்த வகைதான். அங்கே இரண்டு உலோகப் பட்டைகள், 25.4 மிமீ அகலம், 12.7 மிமீ ஒட்டு, இழுப்பதற்கு இயந்திரம்.

வாளி தரையிலிருந்து நான்கு விரல் உயரத்துக்கு மேல் தொங்கக் கூடாது. அடியில் பழைய சாக்கு மடித்துப் போடுங்கள். கண்ணாடியும் டைலும் சோதிக்கும்போது பக்கத்தில் நிற்கும் எல்லோருக்கும் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி வேண்டும். இதில் சமரசம் கிடையாது.

எடை போடும் முன் உடைந்த முகத்தைப் பாருங்கள்

கீழே வரும் எல்லா அறிகுறிக்கும் முதல் வேலை இதுதான். பிரிந்த இரண்டு பக்கத்தையும் எடுத்து, டார்ச்சைச் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். பசை எந்தப் பக்கம் இருக்கிறது?

மொத்தப் பசையும் பட்டையோடு படலமாக வந்து, டைல் காலியாகப் பளபளத்தால் டைலைப் பசை பிடிக்கவில்லை. இதை நோட்டில் ‘பரப்பில் விட்டது’ என்று எழுதுங்கள். இரண்டு பக்கமும் பசை சொரசொரவென்று ஒட்டியிருந்தால் பசை தனக்குள்ளேயே கிழிந்திருக்கிறது. இது ‘பசையில் விட்டது’. பசையோடு மர நாரோ, அட்டையின் தோலோ, பெயின்ட்டோ உரிந்து வந்திருந்தால் ‘பொருளில் விட்டது’. கலந்தும் வரும். அப்போது ‘பரப்பில் முக்கால், பசையில் கால்’ என்று தோராயமாக எழுதினால் போதும்.

நோட்டில் இந்த ஒரு குறிப்பு இல்லாவிட்டால் உங்கள் எண்ணுக்கு அர்த்தம் இல்லை என்று நான் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பரப்பில் விட்டால் மட்டுமே அந்த எண் பரப்பைப் பற்றிப் பேசுகிறது. பசையில் விட்டிருந்தால் நீங்கள் அளந்தது பசையின் சொந்த வலிமையை. அங்கே டைலை எடுத்துவிட்டுக் கண்ணாடியை வைத்தாலும் கிட்டத்தட்ட அதே எண்தான் வரும். பொருளில் விட்டிருந்தால் ஒட்டின் வலிமையை நீங்கள் இன்னும் அளக்கவே இல்லை, அது இதைவிட அதிகம் என்று மட்டும் தெரியும்.

இன்னொரு விஷயத்தையும் கவனியுங்கள். உங்கள் ஒட்டில் எப்போதும் இரண்டு பரப்பு உண்டு, டைல் ஒன்று, பிளைவுட் ஒன்று. பசை முழுவதும் டைலிலேயே தங்கி, பிளைவுட் பக்கம் காலியாக வந்தால் தோற்றது பிளைவுட். அந்த எண்ணை ‘டைல்’ என்ற கட்டத்தில் எழுதினால் அட்டவணையே பொய் சொல்லும்.

அறிகுறி: ஒரே மாதிரி ஒட்டிய ஐந்தும் ஐந்து விதம்

உதாரணத்துக்கு, ஒரே டைலில் ஒரே பசையை வைத்து 4, 11, 6, 15, 9 கிலோ வருகிறது என்று வைத்துக்கொள்வோம். சராசரி 9. ஆனால் சின்ன எண்ணுக்கும் பெரிய எண்ணுக்கும் நடுவே 11 கிலோ இடைவெளி. இந்த 9-ஐ வைத்துக்கொண்டு இன்னொரு பரப்பின் 10-ஓடு ஒப்பிட முடியாது.

முதலில் உண்மையாக ஒட்டியிருந்த இடம் எவ்வளவு என்று பாருங்கள். 20-க்கு 10 என்றால் 200 சதுர மிமீ என்று கணக்கில் போடுகிறோம். ஆனால் பசை எல்லா மூலைக்கும் போயிருக்காது, நடுவில் காற்றுக்குமிழி மாட்டியிருக்கும். உடைந்த முகத்தின் மேல் டிரேசிங் தாளை வைத்துப் பசை பட்ட இடத்தைப் பென்சிலால் வரைந்து, அந்தத் தாளைக் கிராஃப் தாளின் மேல் வைத்துச் சதுரங்களை எண்ணுங்கள். 4 கிலோவில் விழுந்த துண்டில் பாதி இடம்தான் ஒட்டியிருந்தது என்று தெரியவந்தால் மர்மம் அங்கேயே தீர்ந்தது. கண்ணாடியாக இருந்தால் இன்னும் சுலபம், ஒட்டிய நிலையிலேயே பின்பக்கமிருந்து குமிழிகளைப் பார்த்துவிடலாம்.

அடுத்தது கை எண்ணெய். தலையில் தேங்காய் எண்ணெய், கையில் டிபன் பாக்ஸ் எண்ணெய், அதே கையோடு கண்ணாடியின் நடுவில் தொட்டு எடுத்து வைக்கிறோம். ஒருமுறை கண்ணாடியிலிருந்து பிரிந்து வந்த அரால்டைட் (இரண்டு டியூபைக் கலந்து போடும் எபாக்சி பசை) படலத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தபோது அதில் ஒரு கட்டைவிரல் ரேகை வளையம் வளையமாக அச்சாகியிருந்தது. மற்ற இடமெல்லாம் மங்கலாக, ரேகை இருந்த இடம் மட்டும் வழுவழுவென்று. ஒட்டியவர் யார் என்றுகூட ரேகையை வைத்துச் சொல்லிவிடலாம், அவ்வளவு தெளிவு. அதனால் சர்ஜிக்கல் ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் ஒரே திசையில் துடையுங்கள், ஒவ்வொரு துடைப்புக்கும் புதுப் பஞ்சு. துடைத்த பிறகு ஓரத்தை மட்டும் பிடியுங்கள். ஸ்பிரிட் தீப்பிடிக்கும், பக்கத்தில் அடுப்போ மெழுகுவர்த்தியோ இருக்கக் கூடாது.

பசையின் அளவும் அழுத்தமும் அடுத்த சந்தேகம். ‘கொஞ்சம் தடவு’ என்பது ஆளுக்கு ஆள் மாறும். ஊசி இல்லாத 1 மிலி சிரிஞ்சு வாங்கி, ஒரு ஒட்டுக்கு 0.1 மிலி என்று வைத்துக்கொண்டால் தகராறு இல்லை. 200 சதுர மிமீ பரப்பில் 0.2 மிமீ தடிமனுக்கு 0.04 மிலி போதும். மீதி பிதுங்கி வெளியே வரும், அதை ஈரமாக இருக்கும்போதே வழித்துவிடுங்கள். விளிம்பில் பிதுங்கிக் காய்ந்த பசை தன் பங்குக்கு இழுவையைத் தாங்கி எண்ணை ஏற்றிவிடும். அழுத்தத்துக்கு எல்லா ஒட்டின் மேலும் ஒரே எடை, உதாரணமாக ஒரு கிலோ உப்பு பாக்கெட், ஒரே நேரம் இருக்கட்டும். அரால்டைட் போன்ற பசையில் தடிமன் சீராக வர வேண்டுமானால் கரண்ட் ஒயரைச் சீவி ஒரு மெல்லிய செம்பு இழையை எடுத்து, சின்னச் சின்னதாக வெட்டி இரண்டை நடுவில் வைத்து ஒட்டுங்கள். இழையின் தடிமன்தான் பசையின் தடிமன்.

தண்ணீர் விழும் வேகமும் எண்ணை மாற்றும். மக்கு மக்காகக் கொட்டினால் ஒவ்வொரு மக்கும் ஒரு குலுக்கல். அரை லிட்டர் தண்ணீர் தாங்கக்கூடிய ஒட்டை அரை லிட்டரை ஒரேயடியாக ஊற்றும் அதிர்ச்சி பிரித்துவிடும். குழாயில் ரப்பர் டியூப் மாட்டி, சன்னமாக, எல்லாச் சோதனைக்கும் ஒரே திருகில் விடுங்கள்.

குழுத் திட்டங்களுக்கே உரிய காரணம் ஒன்று இருக்கிறது, அதைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். வேலையைப் பிரித்துக்கொள்ளும்போது ‘நீ மரம், நான் கண்ணாடி, அவள் டைல்’ என்று பிரிப்போம். சௌகரியம்தான். ஆனால் மரத்தில் எண் அதிகம் வந்தால் அது மரத்தாலா, மரத்தை ஒட்டியவரின் நிதானமான கையாலா? இனி எப்படிக் கணக்குப் போட்டாலும் பிரித்தறிய முடியாது. எனவே பரப்பு வாரியாகப் பிரிக்காதீர்கள். 4 பரப்பு, 2 பசை என்றால் 8 வகை ஒட்டு. 5 பேர் இருந்தால் ஒவ்வொருவரும் எட்டு வகையிலும் ஒன்று ஒட்டட்டும். மொத்தம் 40 துண்டு, ஒவ்வொரு வகையிலும் 5. ஒவ்வொன்றின் மேலும் எண் எழுதி, சோதிக்கும் வரிசையைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்யுங்கள். அட்டவணையில் ‘ஒட்டியவர்’ என்றொரு கட்டம் இருக்கட்டும். ஒருவர் ஒட்டிய எட்டுமே மற்றவர்களைவிடக் குறைவாக இருந்தால் அது பளிச்சென்று தெரியும். யாரையும் குறை சொல்ல அந்தக் கட்டம் வேண்டியதில்லை. கைக்குக் கை எவ்வளவு வித்தியாசம் வருகிறது என்பதும் உங்கள் திட்டத்தின் ஒரு முடிவுதான், அறிக்கையில் எழுதலாம்.

பிடிக்காத எண்ணை நீக்கும் ஆசை இங்கே வரும். உடைந்த முகத்தில் காரணம் தெரிந்தால் மட்டும் நீக்குங்கள். பெரிய குமிழி, ரேகை, கோணலாக ஒட்டியது போன்றவை காரணம். காரணம் இல்லாவிட்டால் எண் இருக்கட்டும்.

அறிகுறி: கையை எடுத்ததும் கழன்று விழுகிறது

எந்தப் பசை போட்டாலும் ஒரு குறிப்பிட்ட பிளாஸ்டிக்கில் மட்டும் இது நடக்கிறதா? டப்பாவைக் கவிழ்த்து அடியில் முக்கோணத்துக்குள் இருக்கும் எண்ணைப் பாருங்கள். 2 என்றாலும் 4 என்றாலும் பாலித்தீன், 5 என்றால் பாலிபுரொப்பிலீன். அப்படியானால் உங்கள் கையில் பிழை எதுவும் இல்லை.

ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் காரணம் கண்ணுக்குத் தெரியும். நன்றாகத் துடைத்த கண்ணாடியில் சொட்டு பரந்து படியும், பாலித்தீனில் முத்தாக உருண்டு நிற்கும். பரப்புக்கு ஒரு ஆற்றல் உண்டு. பாலித்தீனுக்கு அது மீட்டருக்குச் சுமார் 31 மில்லிநியூட்டன், பாலிபுரொப்பிலீனுக்குச் சுமார் 30. தண்ணீரின் பரப்பு இழுவிசை 72-ஐ ஒட்டி. திரவத்தின் இழுவிசை பரப்பின் ஆற்றலைவிட அதிகமாக இருந்தால் அது பரவாமல் தன்னைத்தானே இழுத்துக்கொண்டு நிற்கும். பசையும் திரவமாகத்தான் பரப்பில் விழுகிறது. பரவாத இடத்தில் பிடிக்காது. ஃபெவிகால் அடைத்து வரும் பாட்டிலைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

இந்தப் பரப்பைத் திட்டத்திலிருந்து தூக்கிவிட வேண்டாம். பூஜ்யமும் ஒரு முடிவுதான். இன்னும் நன்றாகச் செய்ய வேண்டுமானால், எல்லாப் பரப்பிலும் ஒரே அளவு சொட்டு வைத்து, பக்கவாட்டில் செல்போனில் படம் எடுத்து, சொட்டு பரப்போடு சேரும் இடத்தின் கோணத்தைப் பாகைமானியால் அளந்துவிடுங்கள். கோணத்தைக் கிடையாகவும் ஒட்டுவலிமையைச் செங்குத்தாகவும் வைத்து வரைந்தால், வெறும் பட்டை வரைபடத்தைவிடப் பல மடங்கு பேசும் ஒரு படம் கிடைக்கும். தண்ணீர்ச் சோதனை சுத்தத்தையும் காட்டிக்கொடுக்கும். கண்ணாடியிலேயே தண்ணீர் முத்தாக நின்றால் அது இன்னும் எண்ணெய்ப் பிசுக்கோடு இருக்கிறது என்று அர்த்தம்.

பிளாஸ்டிக் அல்லாத பரப்பிலும் கழன்று விழுகிறது, அதுவும் குளூ கன் போட்ட ஒட்டு என்றால் காரணம் வேறு. சூட்டுப் பசை டைலையோ உலோகத்தையோ தொட்டதும் அந்தப் பரப்பு சூட்டை உறிஞ்சிவிடுகிறது. பசை பரவுவதற்குள் இறுகிவிடும். விழுந்த துண்டின் அடியைப் பார்த்தால் அச்சில் வார்த்ததுபோல் வழவழவென்று இருக்கும். டைலை வெயிலில் வைத்துச் சூடாக்கி உடனே ஒட்டிப் பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

இரண்டு பக்கமும் தடவும் ரப்பர் பசை, அதாவது செருப்புத் தைப்பவரும் சன்மைக்கா ஒட்டும் ஆசாரியும் பயன்படுத்துவது, கழன்றால் அவசரம்தான் காரணமாக இருக்கும். தடவிய பிறகு விரலில் ஒட்டாத பதம் வரும்வரை காத்திருந்து, அப்புறம்தான் இரண்டையும் சேர்த்துப் பலமாக அழுத்த வேண்டும். ஈரத்தோடு சேர்த்தால் கரைப்பான் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். இந்தப் பசையைத் தெர்மாகோலில் போட்டால் தெர்மாகோலே கரைந்து குழியாகும், அந்த இணையை விட்டுவிடுங்கள்.

அறிகுறி: வாளி நிரம்பிவிட்டது, ஒட்டு அசையவில்லை

சந்தோஷமான சிக்கல். ஆனால் பிள்ளைகள் இங்கேதான் ஆபத்தான வேலை செய்வார்கள், வாளியில் செங்கல் போடுவார்கள், கையால் தொங்குவார்கள். அதற்கு முன் கணக்கைப் பார்த்துவிடுங்கள்.

மரத்தில் நன்றாகப் பிடித்த ஃபெவிகால் ஒட்டு ஒரு சதுர மிமீக்கு 5 நியூட்டன் தாங்குவது சாதாரணம். உங்கள் ஒட்டு 200 சதுர மிமீ. பெருக்கினால் 1000 நியூட்டன், அதாவது 100 கிலோவுக்கு மேல். வீட்டு வாளியில் 15, 20 லிட்டர் பிடிக்கும். லிட்டருக்கு ஒரு கிலோ. எப்படி உடையும்?

ஒட்டின் பரப்பளவைக் குறைப்பதுதான் நேரான வழி. 10 மிமீ அகலப் பட்டையை 5 மிமீ மட்டும் ஏற்றி ஒட்டினால் 50 சதுர மிமீ, அதே பசைக்குச் சுமார் 25 கிலோ போதும்; அதற்கும் வாளி பத்தாவிட்டால் கீழே வரும் நெம்புகோலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆனால் குறைத்தால் எல்லாப் பரப்புக்கும் எல்லாப் பசைக்கும் சேர்த்துத்தான் குறைக்க வேண்டும். ‘மரத்தை 50-இல் செய்தோம், டைலை 200-இல் செய்தோம், பரப்பளவால் வகுத்துவிட்டோம்’ என்பது சரிவராது. இப்படி ஏற்றி ஒட்டிய ஒட்டில் இழுவை சமமாகப் பரவுவதில்லை, இரண்டு ஓரத்திலும்தான் அதிகம் குவிகிறது. அதனால் ஒட்டின் நீளத்தை இரு மடங்காக்கினால் தாங்கும் எடை இரு மடங்காகாது.

இன்னொரு வழி நெம்புகோல். 60 சென்டிமீட்டர் நீளமான சட்டத்தின் ஒரு முனையைக் கீல் போட்டு நிறுத்தி, கீலிலிருந்து 10 செமீ தூரத்தில் பட்டையின் கொக்கியையும் 50 செமீ தூரத்தில் வாளியையும் மாட்டினால், வாளியின் ஒவ்வொரு கிலோவும் ஒட்டை 5 கிலோவாக இழுக்கும். சட்டத்தின் சொந்த எடையை மறந்துவிடாதீர்கள். 600 கிராம் சட்டம் என்றால் அதன் எடை நடுவில், 30 செமீ தூரத்தில் விழுகிறது. அது மட்டுமே ஒட்டின் மேல் 1.8 கிலோ இழுவை. வாளியே இல்லாதபோதும் ஒட்டு அதைச் சுமக்கிறது.

அறிக்கையில் எழுதும்போது கிலோவை 9.8-ஆல் பெருக்கி நியூட்டனாக்கி, ஒட்டின் பரப்பளவால் வகுத்து எழுதுங்கள். 12 கிலோவுக்கு, 200 சதுர மிமீ ஒட்டில், 117.6-ஐ 200-ஆல் வகுத்தால் 0.59. இதன் அலகு மெகாபாஸ்கல். வாளி, கொக்கி, கம்பி எடையும் அந்த 12-க்குள் இருக்க வேண்டும்.

அறிகுறி: ஒட்டு நிற்கிறது, மற்றதெல்லாம் உடைகிறது

கொக்கித் துளையிலிருந்து பட்டை பிளந்தால் துளை நுனிக்கு மிக அருகில் இருக்கிறது. இரண்டு சென்டிமீட்டர் தள்ளிப் போடுங்கள். ஐஸ் குச்சியில் துளை போட்டால் நார் வாக்கில் பிளந்துவிடும் என்பதால்தான் பிளைவுட்டைச் சொன்னேன்.

பிளைவுட்டின் மேல் தோல் உரிந்து டைலோடு நின்றுவிட்டது, அட்டை கிழிந்துவிட்டது, சுவர்ப் பெயின்ட் பெயர்ந்து வந்துவிட்டது என்றால், ‘14 கிலோவுக்கு மேல்’ என்று எழுதுங்கள். ‘14’ என்று எழுதக் கூடாது. பெயின்ட் அடித்த பரப்பில் நீங்கள் சோதிப்பது பெயின்ட்டுக்கும் அதன் அடியில் உள்ள சுவருக்கும் இடையே உள்ள பிடிப்பை, அது தனிக் கேள்வி. துருப்பிடித்த தகடும் அப்படியே. பசையோடு துருத்தூள் வரும்.

அறிகுறி: நாள் கணக்காகியும் காயவில்லை

கண்ணாடிக்கும் கண்ணாடிக்கும் நடுவே ஃபெவிகால் போட்டு, மூன்று நாள் கழித்துப் பார்த்தால் ஓரம் மட்டும் தெளிந்து, நடுவில் பால் வெள்ளையாகவே இருக்கும். ஃபெவிகால் தண்ணீரில் கலந்த பசை, தண்ணீர் வெளியேறினால்தான் இறுகும். கண்ணாடி, டைலின் பளபளப்பு முகம், உலோகம் எதுவுமே தண்ணீரை உறிஞ்சாது. ஒரு பக்கமாவது மரமோ அட்டையோ இருந்தால் தண்ணீருக்கு வழி கிடைக்கும். நம் அமைப்பில் பிளைவுட் பட்டை வைத்ததற்கு அதுவும் ஒரு காரணம். டைலின் பின்பக்கம் தண்ணீரை உறிஞ்சும், முன்பக்கம் உறிஞ்சாது. ஒரே டைலின் இரண்டு முகத்தையும் இரண்டு பரப்பாக எடுத்துச் சோதித்தால் அருமையான ஒப்பீடு கிடைக்கும்.

சென்னை, கடலூர், நாகை மாதிரி ஊர்களில் ஐப்பசி கார்த்திகை மழையில் இதே ஒட்டு காய இன்னும் நேரம் பிடிக்கும். ‘24 மணி நேரம் காய வைத்தோம்’ என்பது மட்டும் போதாது. அன்றைய வெப்பநிலையையும் ஈரப்பதத்தையும் செல்போனில் பார்த்தாவது எழுதி வையுங்கள்.

ஃபெவிக்விக் நேர்மாறு. அதற்கு ஈரம்தான் வேண்டும், பரப்பில் படிந்திருக்கும் கண்ணுக்குத் தெரியாத ஈரத்தைத் தொட்டு இறுகுகிறது. அது காயாவிட்டால் அளவுக்கு அதிகமாக ஊற்றியிருப்பீர்கள். ஓரங்கள் இறுகி நடுவில் திரவமாகவே நிற்கும். ஒரு சொட்டு போதும். சுற்றிலும் வெள்ளைப் பொடி படிந்திருந்தாலும் காரணம் அதே மிகை அளவுதான், ஈரக்காற்றில் இன்னும் கூடுதலாகப் படியும். இந்தப் பசையைப் பருத்தித் துணியில் சிந்தவிடாதீர்கள். பருத்தியில் படும்போது சட்டென்று சூடேறும், தோல் சுடும் அளவுக்குப் போகும். விரல் ஒட்டிக்கொண்டால் பிய்க்க வேண்டாம், வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து மெதுவாக உருட்டிப் பிரியுங்கள்.

அரால்டைட் பிசுபிசுப்பாகவே இருந்தால் இரண்டு டியூபும் சரியான விகிதத்தில் வரவில்லை, அல்லது சரியாகக் கலக்கவில்லை. ஹார்டனர் அதிகம் போட்டால் சீக்கிரம் இறுகும் என்று நினைப்பது தவறு. ரெசினும் ஹார்டனரும் ஒன்றோடொன்று வினைபுரிந்து முடிய வேண்டும், எது மிஞ்சினாலும் அது மிருதுவாக உள்ளேயே தங்கிவிடும். பெட்டியில் போட்டிருக்கும் அளவில் எடுத்து, நிறம் ஒரே சீராக வரும்வரை கலக்குங்கள், ஓரத்தை வழித்து வழித்துக் கலக்குங்கள்.

அறிகுறி: அலுமினியத்தில் மட்டும் நம்ப முடியாத அளவு குறைவு

தகடு மெல்லியதா? வாளி கனக்கும்போது பக்கவாட்டிலிருந்து பாருங்கள். ஒட்டின் ஓரத்தில் தகடு லேசாக மடங்கி, பட்டை வெளிப்பக்கம் சாய்கிறதா? அப்படியானால் ஒட்டு சறுக்கி விடவில்லை, ஓரத்திலிருந்து உரிந்திருக்கிறது. உரிப்பதற்கு மிகக் குறைந்த விசை போதும். ஏனென்றால் முழுப் பரப்பும் சேர்ந்து தாங்காமல் ஒரு கோடு மட்டுமே தாங்குகிறது. ஃபெவிக்விக் மாதிரி விறைப்பாக இறுகும் பசைகள் சறுக்கு இழுவையில் கெட்டி, உரிப்பில் பாவம். தகட்டின் பின்னால் தடிமனான பலகையை அரால்டைட் போட்டு ஒட்டி விறைப்பாக்கிவிட்டு மறுபடி சோதியுங்கள். மெல்லிய பிளாஸ்டிக் ஷீட்டுக்கும் இதே வைத்தியம்.

அறிகுறி: தாங்கிக்கொண்டிருந்தது, சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் விழுந்து கிடக்கிறது

8 கிலோவில் தண்ணீரை நிறுத்தினீர்கள், அப்போது நின்றது. அரை மணி கழித்து அதே 8 கிலோவில் விழுந்துவிட்டது. டபுள் சைடு டேப், குளூ கன் பசை, ஃபெவிகால் எல்லாம் சுமையின் கீழ் மெதுவாக வழுகும். பட்டையின் மேல் நுனியை ஒட்டி ஒரு பென்சில் கோடு போட்டு வைத்தால் கோட்டைவிட்டுப் பட்டை இறங்குவதைப் பார்க்கலாம். இந்தப் பசைகளை வேகமாக இழுத்தால் எண் அதிகமாகவும், மெதுவாக இழுத்தால் குறைவாகவும் வரும். எனவே நடுவில் நிறுத்தாமல் ஒரே வேகத்தில் தண்ணீர் விடுங்கள், நின்று நின்று செய்த துண்டைத் தனியாக எழுதுங்கள். நேரம் இருந்தால் ஒரு நிலையான எடையைத் தொங்கவிட்டு எத்தனை நிமிடத்தில் விழுகிறது என்று அளக்கும் சோதனையைக் கூடுதலாகச் செய்யலாம். சுவரில் மாட்டும் கொக்கிக்கு நிஜமாக வேண்டிய தகவல் அதில்தான் கிடைக்கும்.

அறிகுறி: உப்புத்தாள் போட்டுத் தேய்த்த பரப்பில் வலிமை குறைந்துவிட்டது

‘சொரசொரப்பாக இருந்தால் நன்றாகப் பிடிக்கும்’ என்று எல்லோரும் எதிர்பார்ப்பதால், எண் எதிராக வரும்போது குழுவே குழம்பிப்போகும். சில குழுக்கள் எண்ணை மாற்றிவிடத் துடிக்கும். மாற்றாதீர்கள்.

உடைந்த முகத்தில் பசைப் படலத்தின் மேல் மாவு மாதிரி படிந்திருக்கிறதா பாருங்கள். தேய்த்த தூளைத் துடைக்காமல் ஒட்டியிருந்தால் பசை பிடித்தது தூளைத்தான். மரத்தில் இன்னொரு காரணமும் உண்டு. முரட்டு உப்புத்தாள் மேல் நார்களை நசுக்கிக் கிழித்து வைத்துவிடும், பசை அந்த நைந்த நாரைப் பிடித்துக்கொள்ளும், நார் மரத்தைவிட்டு வந்துவிடும். அதனால் இழைப்புளி போட்டுப் புதிதாக இழைத்த வழுவழுப்பான மரம் முரட்டுத்தனமாகத் தேய்த்த மரத்தைவிட நன்றாக ஒட்டும். கெட்டியான பசையாக இருந்தால் ஆழமான கீறலின் அடிவரை போகாமல் காற்றை உள்ளே அடைத்துவிடுவதும் உண்டு.

எந்தக் காரணம் என்று பிரித்தறிய நான்கு வகை வேண்டும். தேய்க்காமல் துடைக்காமல் ஒன்று, தேய்க்காமல் துடைத்தது ஒன்று, தேய்த்துத் துடைக்காதது ஒன்று, தேய்த்துத் துடைத்தது ஒன்று. அலுமினியத்திலும் மரத்திலும் தனித்தனியாகச் செய்யுங்கள், வகைக்கு ஐந்து துண்டு, முன்பு சொன்ன மாதிரி ஆளுக்கு ஒவ்வொரு வகையிலும் ஒன்று. இரண்டாவது வகையும் நான்காவது வகையும் கிட்டத்தட்ட ஒரே எண்ணைக் கொடுத்தால், உங்கள் பரப்பில் உதவி செய்தது துடைத்ததுதான், தேய்த்தது இல்லை. மூன்றாவது மட்டும் சரிந்திருந்தால் தூள்தான் காரணம். மரத்தில் நான்காவதும் இரண்டாவதைவிடக் குறைந்து, முகத்தில் நார் ஒட்டியிருந்தால், இன்னும் நைசான உப்புத்தாளில் ஒரு ஐந்து துண்டு செய்து பார்த்துவிட்டு அறிக்கையை எழுத உட்காருங்கள்.